சேவை வழியாக இறைவனைத் தேட நினைக்கிறோம்: ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரையில் மோரும் சாப்பாடும், எப்படித் தொடங்குவது?

உப்பங்கழி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். திருப்புல்லாணிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற கிராமம் எங்களுடையது. பதினெட்டுப் பேர் சேர்ந்திருக்கிறோம். கோயிலுக்குப் போகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் மூன்று தரப்பும் உண்டு. கும்பிடுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், பசித்தவருக்குச் செய்வதில் இறைவனைத் தேட வேண்டும் என்பது எங்கள் எண்ணம். ஆடி அமாவாசை அன்று சேதுக்கரையில் மோர்ப்பந்தலும் 200 பேருக்குச் சாப்பாடும் என்று தொடங்கி, பிறகு வாரம் ஒருநாள் தொடரலாம் என்று பேச்சு.

அளவு, தண்ணீர், சுகாதாரம் இவற்றில் எங்களுக்கு அனுபவம் இல்லை. இது வெறும் சமையல் கான்ட்ராக்ட் மாதிரி ஆகிவிடாமல் பக்தியோடு நடக்க என்ன செய்வது என்பதும் தெரியவில்லை. விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் எழுதுங்கள்.

அடுப்படி எழுதியது:

தம்பி, முதலில் நேரத்தைச் சரிசெய்யுங்கள். அமாவாசைக் கூட்டம் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கிற கூட்டம் இல்லை. விடியும் முன்பே வந்து முழுகி, தர்ப்பணம் கொடுத்து, காலை பத்துப் பத்தரைக்குள் பெரும்பகுதி கலைந்துவிடும். பாதிப்பேர் வீட்டுக்குப் போய்க் காக்கைக்கு வைத்த பிறகுதான் வாயில் வைப்பார்கள், அவர்களுக்கு மோர் மட்டும் போதும். அதனால் கரையில் நிற்கிற தலைகளை எண்ணி அரிசி போடாதீர்கள். சாப்பாடு உண்மையில் தேவைப்படுவது பஸ்ஸில் வந்த வயசாளிகள், வேன் டிரைவர்கள், கரையில் கையேந்தி இருப்பவர்கள், துப்புரவுப் பணியாளர்கள் ஆகியோருக்கு. முதல் வருஷம் 200 என்பது சரியான எண்ணிக்கை. எட்டு மணிக்குப் பரிமாறத் தொடங்குகிற மாதிரி அதிகாலை மூன்றரைக்கு அடுப்பு எரிய வேண்டும்.

அன்றைக்கு வெங்காயம், பூண்டு கூடாது. விரதக்காரர் பலர் இலையைத் தொடாமலே எழுந்துவிடுவார்கள். வாழைக்காய், பூசணி, கத்தரி போட்டு, பெருங்காயத்தைத் தாராளமாக விட்டுச் சாம்பார் சாதம் செய்யுங்கள்.

ஆளுக்கு 400 கிராம் என்று வைத்து 100 பேருக்குக் கணக்கு: பொன்னிப் பச்சரிசி 6 கிலோ, துவரம்பருப்பு 2 கிலோ, காய் 6 கிலோ, புளி அரைக் கிலோ, சாம்பார்ப் பொடி அரைக் கிலோ, எண்ணெய் 1 லிட்டர், பெருங்காயம் 25 கிராம். உப்பு முதலில் 400 கிராம் போட்டு ருசி பார்த்து மேலே 50 கிராம். தண்ணீர் பருப்புக்கு 8 லிட்டர், அரிசிக்கு 18 முதல் 20 லிட்டர், காய்க்கும் புளிக்கரைசலுக்குமாக 8 லிட்டர். எல்லாம் சேர்ந்து 40 கிலோவை ஒட்டி வரும். 60 லிட்டர் அண்டா ஒன்றில் அடங்கும்.

200 பேர் என்பதற்காக ஒரே பெரிய அண்டாவில் இரட்டிப்பு அளவைக் கொட்டாதீர்கள். பாத்திரம் பெரிசாகும்போது தண்ணீர் அதே விகிதத்தில் வற்றாது. நடுவில் குழையும், அடியில் பிடிக்கும், மேலே அரிசி விறைத்து நிற்கும். நூறு நூறாக இரண்டு ஈடு போடுங்கள். முதல் ஈடு இறங்கி முக்கால் மணி நேரம் கழித்து இரண்டாவது இறங்கட்டும். அப்போது கடைசி ஆளுக்கும் சூடாகவே போகும், முதல் ஈடு எவ்வளவு போனது என்று பார்த்து இரண்டாவதைக் குறைக்கவும் வழி இருக்கும். சாம்பார் சாதம் ஆற ஆற இறுகும். கொதிக்கிற சாம்பார்த் தண்ணீர் 5 லிட்டர் தனியாக வைத்திருந்து தளர்த்துங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றித் தளர்த்துவது வயிற்றுக்கு வினை.

நம் கரையில் புதிதாகச் சமைக்க வருகிறவர்கள் ஏமாறுகிற இடம் பருப்பு. உப்புத்தண்ணீரில் பருப்பு வேகாது. கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம் இருந்தால் பருப்பு இளகவே செய்யாது, இரண்டு மணி நேரம் விறகைத் தின்றுவிட்டு முழுசாகக் கிடக்கும். ஊறவைப்பதும் வேகவைப்பதும் காவிரிக் குழாய்த் தண்ணீரிலோ விலைக்கு வாங்கிய நல்ல தண்ணீரிலோதான். புளியும் உப்பும் பருப்பு மசிந்த பிறகு. முன்னாலேயே புளி ஊற்றினால் அந்தப் புளிப்பே வேகவிடாமல் பிடித்துவைக்கும். பாத்திரம் கழுவ மட்டும் உப்புத்தண்ணீரை வைத்துக்கொண்டு, கடைசி அலசல் நல்ல தண்ணீரில் செய்யுங்கள்.

ஆடியில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து மணலை வாரி அடிக்கும். அடுப்புக்குத் தெற்கிலும் மேற்கிலும் தகரம் நிறுத்துங்கள். கிடுகுப் பந்தலுக்கும் அடுப்புக்கும் குறைந்தது இருபது அடி இடைவெளி, பந்தல் காற்று வருகிற பக்கம், அடுப்பு காற்று போகிற பக்கம். பொறி பறந்தால் பந்தலுக்கு எதிர்த்திசையில் போக வேண்டும். இரண்டு வாளி மணல், ஒரு டிரம் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். சீமைக்கருவேல விறகு நின்று எரியும், கொதிக்க வைக்க அதுதான். சவுக்கு மிலார் சட்டென்று பிடிக்கும், தாளிக்க அது.

கெட்டுப்போவது பற்றி. வெந்த சோறு வெதுவெதுப்பாக நான்கு மணி நேரம் கிடந்தால் அதில் சில கிருமிகள் நஞ்சை விடும். அந்த நஞ்சு திரும்பச் சுடவைத்தாலும் போகாது. அதனால் "மறுபடி கொதிக்கவைத்தால் சரியாகிவிடும்" என்பதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒன்று கை வைக்க முடியாத சூட்டில், 60 டிகிரிக்கு மேல் வைத்திருங்கள், அல்லது இறக்கிய இரண்டு மணி நேரத்தில் கொடுத்து முடியுங்கள். தேங்காய் அரைத்து ஊற்றுவதும் தயிர்சாதமும் இந்த வேக்காட்டில் வேண்டாம். பொட்டலம் கட்டிக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் புளியோதரை. புளிப்பும் எண்ணெயும் தாக்குப்பிடிக்கும். சூட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், அகலத் தாம்பாளத்தில் பரப்பி ஆற்றி வாழையிலையில் கட்டுங்கள்.

கையில் புண், கட்டி, வயிற்றுப்போக்கு, சளி இருக்கிறவர் அன்றைக்குச் சோற்றுப் பக்கம் வரக் கூடாது. மனசு கேட்காது, ஆனால் அவர்களை வரிசை பார்க்கவும் வண்டி ஒழுங்குபடுத்தவும் போடுங்கள். வாரந்தோறும் நடத்துவதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள், அன்னதானமும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது.

குழாயடி எழுதியது:

மோருக்கும் தண்ணீருக்கும் நான் சொல்கிறேன்.

100 பேருக்கு ஆளுக்கு 200 மில்லி என்றால் 20 லிட்டர் மோர். தயிர் 4 லிட்டர், தண்ணீர் 16 லிட்டர், உப்பு 100 கிராம், இஞ்சி 100 கிராம், பச்சைமிளகாய் 50 கிராம், கறிவேப்பிலை, மல்லித்தழை, ஒரு சிட்டிகைப் பெருங்காயம். தயிரை முதலில் கெட்டியாகக் கடைந்துவிட்டுப் பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் கட்டி கட்டியாக மிதக்கும். இஞ்சியையும் மிளகாயையும் அரைத்து வடிகட்டிச் சேருங்கள். நறுக்கிப் போட்டால் குழந்தைகளுக்கும் பல் இல்லாத பெரியவர்களுக்கும் தொண்டையில் சிக்கும். மொத்த மோரையும் ஒரே தடவை கலக்காதீர்கள், கலந்த மோர் வெயிலில் இரண்டு மணி நேரத்தில் புளித்துவிடும். தயிராக வைத்திருந்து இருபது இருபது லிட்டராகக் கலக்குங்கள்.

இதைத் தடித்த எழுத்தில் போட்டதாக நினைத்துப் படியுங்கள்: மீன் ஐஸ் வேண்டாம். ஐஸ் பிளான்ட்டில் கிடைக்கிற பாளம் பாளமான ஐஸ் மீனுக்காக உறையவைத்தது. குடிக்கிற தண்ணீரில்தான் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியாது, வருகிற வழியில் மீன் பெட்டி, சாக்கு, மணல் எல்லாம் தொட்டிருக்கும். பக்கத்திலேயே மலிவாகக் கிடைக்கிறது என்று மோரில் போட்டு ஊரையே வயிற்றுப்போக்கில் தள்ளிவிடலாம். மண்பானையை ஈர மணலில் பாதி புதைத்து, மேலே ஈரச் சாக்கைச் சுற்றிவையுங்கள். அடிக்கிற கச்சான் காற்றுக்கு அதுவே நன்றாகக் குளிரும்.

தண்ணீர் டேங்கரில் வந்தால் அது எங்கே பிடித்தது என்று கேட்டுவிட்டு இறக்குங்கள். 1000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம். ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து, கால் மணி நேரம் தெளியவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் டேங்கில் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் விட்ட பிறகுதான் குடிக்கக் கொடுக்க வேண்டும். கடல்காற்றில் திறந்து கிடந்த பவுடர் ஈரம் குடித்து வீரியம் இழந்துவிடும், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. புது மூட்டையில் இருந்து எடுத்து இறுக்கமான டப்பாவில் கொண்டுபோங்கள். பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டரிடம் குளோரோஸ்கோப் (தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி) இருக்கும். இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தால் லேசான மஞ்சள் வர வேண்டும், நிறமே வராவிட்டால் குளோரின் எல்லாம் அழுக்கோடு செலவாகிவிட்டது என்று அர்த்தம். கலங்கல் தண்ணீரில் இப்படித்தான் ஆகும். படிகாரம் போட்டுத் தெளியவைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

டம்ளரைச் சங்கிலியில் கட்டி எல்லோரும் அதிலேயே குடிக்கிற பழக்கம் வேண்டாம். பானைக்குள் யாரும் கைவிடாதபடி நீளக் கரண்டி, ஊற்றிக் கொடுக்க ஓர் ஆள். 50 எவர்சில்வர் டம்ளர், கழுவ மூன்று வாளி (சோப்பு, அலசல், இரண்டாம் அலசல்) இருந்தால் 500 பேர் வரை ஓடும். பேப்பர் கப் போட்டால் அன்று சாயங்காலம் அதெல்லாம் கடலில்தான் மிதக்கும். அதுவும் இந்தக் கடலில். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் இருந்து தேசியப் பூங்கா, நம் கரைக்கு எதிரிலேயே கடல்புல் திட்டும் ஆமையும் கடல்பசுவும் இருக்கின்றன.

வெயிலில் மயங்கி விழுகிறவருக்கு மோர் போதாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் 50 வாங்கி வைத்திருங்கள். தீர்ந்துபோனால் 1 லிட்டர் நல்ல தண்ணீருக்குத் தட்டையாக 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, குவித்து அள்ளக் கூடாது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

சேதுச்சாலை எழுதியது:

பக்தியைப் பற்றிக் கேட்டதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்தக் கேள்விக்கு நம் மண்ணிலேயே பழைய பதில் இருக்கிறது. சேதுவுக்கு நடந்துபோகிறவர்களுக்காகச் சேதுபதிகளும் தஞ்சை மராட்டிய மன்னர்களும் வழியெங்கும் சத்திரம் கட்டி வைத்தார்கள். ராமேசுவரத்துக்கு நடக்கிறவனுக்குச் சோறு போட்டால் போட்டவனுக்கும் அந்த யாத்திரையில் பங்கு உண்டு என்பது நம்பிக்கை. 1897 ஜனவரி 26-ல் சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணத்திலிருந்து பாம்பன் கரையில் இறங்கினார், ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வரவேற்றார். மறுநாள் ராமநாதசுவாமி கோயிலில் அவர் பேசியது முழுக்க இதைப் பற்றித்தான். ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்கிறவனே உண்மையில் சிவனைப் பூசிக்கிறான், லிங்கத்தில் மட்டும் காண்கிறவனுடைய பூசை இன்னும் தொடக்கநிலையில் இருக்கிறது என்பது அந்தப் பேச்சின் சாரம். கோயிலுக்குள் நின்றே சொன்னார். அடுத்த நாள் சேதுபதி ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்தார்.

சைவர்கள் அடியாருக்கு அன்னம் இடுவதை மாகேசுவர பூசை என்று பெயரிட்டே வைத்திருக்கிறார்கள். சோறு போடுவதைப் 'பூசை' என்று சொல்லிவிட்டால் அப்புறம் அதில் அலட்சியத்துக்கு இடமில்லை. அபிஷேகப் பாலில் ஈ விழுந்தால் கொட்டிவிட்டு வேறு பால் கொண்டுவருகிறோம். இலையில் போடுகிற சோற்றுக்கும் அந்தக் கவனம்தான். அடுப்படி அண்ணன் சொன்ன உப்புக் கணக்கும் குழாயடி சொன்ன இரண்டரை கிராமும் பக்திக்குப் புறம்பான சங்கதிகள் என்று நினைக்காதீர்கள், பூசைக்குரிய முறைகள் அவை.

நடைமுறையாகச் சில. அடுப்பு பற்றவைக்கும் முன்பு பதினெட்டுப் பேரும் ஐந்து நிமிஷம் வாய் பேசாமல் நில்லுங்கள். சங்கல்பமோ, நிய்யத்தோ, செபமோ அவரவர் மனசுக்குள். சத்தமாக ஒருவர் பிரார்த்தனை சொல்லி மற்றவர் கைகட்டி நிற்கும்படி வைத்தால் ஆறு மாதத்தில் கூட்டம் மூன்றாகப் பிரியும். சாப்பிட வந்தவரிடம் சமயப் பிரசாரம், துண்டுப் பிரசுரம், சாப்பிடும் முன் பாட்டு எதுவும் வேண்டாம். பசியோடு நிற்கிறவரை உபதேசம் கேட்கவைப்பது அவருடைய பசிக்கு விலை வைக்கிற மாதிரி. யார், எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்கவே கூடாது. இதை ஒரு விதியாகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம் பக்கத்தில் அந்தக் கேள்வி பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிடும்.

பந்தியில் உட்காரவைத்துப் பரிமாற முடிந்தால் அதுவே நல்லது. நிற்கவைத்துத் தட்டில் போடுவதும் உட்காரவைத்து இலையில் போடுவதும் சோற்றளவில் ஒன்றுதான், வாங்குகிறவர் மனசில் ஒன்றல்ல. குனிந்து போடுங்கள், போதுமா என்று கேளுங்கள். வேலைகளைச் சுழற்றுங்கள். ஒருவரே எப்போதும் கரண்டி பிடிப்பது, இன்னொருவரே எப்போதும் எச்சில் இலை எடுப்பது என்று ஆனால் சேவைக்குள்ளேயே மேல் கீழ் வந்துவிடும். அதிகம் பணம் கொடுத்தவர் அன்றைக்கு இலை எடுக்கிற பக்கம் வரட்டும், அதில்தான் அவருக்கும் கிடைக்க வேண்டியது கிடைக்கும்.

கீழக்கரை லாத்தா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பணத்தை ஒரே பையில் போடும் முன்பு ஒரு விஷயம். உங்கள் கூட்டத்தில் முஸ்லிம்கள் ஜகாத் (கடமையான தானம்) பணத்தைக் கொண்டுவந்தால் பொதுச் சமையலில் சேர்க்காதீர்கள். ஜகாத் இன்னின்ன எட்டு வகையினருக்குத்தான் என்று வரையறை உண்டு, பந்தல் வாடகைக்கும் விறகுக்கும் அதைச் செலவழிக்க முடியாது. சதகா (மனமுவந்து தரும் தானம்) என்றால் யாருக்கும் எந்த நற்செயலுக்கும் கொடுக்கலாம், அதுதான் இங்கே பொருந்தும். கொடுக்கும்போதே எது என்று கேட்டு நோட்டில் எழுதிவிடுங்கள். மாதா கோயில் பக்கத்தில் தவக்காலத்தில் சேர்க்கிற ஒறுத்தல் காணிக்கைக்கும் அந்தக் கோயில் அளவில் தனிக் கணக்கு இருக்கும், அதையும் பங்குத்தந்தையிடம் கேட்காமல் வாங்க வேண்டாம்.

பணமாக வாங்குவதைவிடப் பொருளாக வாங்குங்கள். பருப்பு ஒருவர், அரிசி ஒருவர் என்று பிரித்தால் சண்டையும் இல்லை, சந்தேகமும் இல்லை. வரவு செலவை அன்று சாயங்காலமே எழுதி எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள், கொடுத்தவர் பெயர் மட்டும் வேண்டாம், பொருளும் அளவும் போதும். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்பதை எங்கள் பக்கமும் சொல்கிறார்கள், கிறிஸ்தவர்கள் பக்கமும் சொல்கிறார்கள்.

வாரந்தோறும் தொடர்வதற்கு முழுச் சாப்பாட்டைவிடக் கஞ்சி நல்லது என்று நினைக்கிறேன். நோன்புக் கஞ்சி கணக்கையே வைத்துக்கொள்ளலாம். 1 கிலோ பச்சரிசி நொய், 200 கிராம் பாசிப்பருப்பு, 2 டீஸ்பூன் வெந்தயம், 150 கிராம் பூண்டு, அரைக் கிலோ வெங்காயம், கால் கிலோ தக்காளி, இஞ்சி, பட்டை, கிராம்பு, புதினா, மல்லி, ஒரு தேங்காயின் பால், தண்ணீர் 11 லிட்டர். 300 மில்லி குவளையில் 30 பேருக்கு மேல் வரும். ஆட்டுக்கறி சேர்க்காமல் செய்தால் எல்லோரும் குடிக்கலாம். நொய் கொதி வந்த பிறகு துடுப்பை அடியில் தொட்டுத் தொட்டு விடாமல் கிண்ட வேண்டும், நொய் கனமாக அடியில் உட்கார்ந்து பிடிக்கும். பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள், அப்படியே மேலாக வேறு தேக்சாவுக்கு மாற்றினால் தீய்ந்த வாடை வராது. தேங்காய்ப்பால் கடைசியில், தீயைத் தணித்த பிறகு. பால் ஊற்றிய கஞ்சி அதிக நேரம் தாங்காது, அன்றைக்கு ஊற்றியது அன்றைக்கே.

உப்பங்கழி:

எல்லோருக்கும் நன்றி. லாத்தா சொன்னபடி பொருளாகவே வாங்குகிறோம். இரண்டு சந்தேகம். உதவி செய்கிறவர்களில் சிலர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொல்கிறார்கள், "பார்த்தால் இன்னும் நாலு பேர் தருவார்கள்" என்கிறார்கள். இன்னொன்று, ஏர்வாடி பக்கத்திலேயே இருக்கிறது. தர்காவுக்கு மனநலம் பாதித்தவர்களைக் கூட்டிவந்து தங்கியிருக்கிற குடும்பங்களுக்கு வாரம் ஒருநாள் கஞ்சி கொண்டுபோகலாமா? அவர்களிடம் எப்படி நடந்துகொள்வது?

சேதுச்சாலை:

போட்டோ: அண்டாவை எடுங்கள், அடுப்பை எடுங்கள், அரிசி மூட்டையை எடுங்கள். சாப்பிடுகிற முகத்தை எடுக்காதீர்கள். அடுத்த வாரம் அந்த ஆள் வரமாட்டார்.

வெள்ளைச்சட்டை எழுதியது:

ஏர்வாடி பற்றி. போகலாம், போக வேண்டும். ஆனால் சிலவற்றைத் தெரிந்துகொண்டு போங்கள்.

2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அந்த மாதிரிக் காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ஒருவரை எந்த வகையிலும் சங்கிலியிடுவது குற்றம். இன்று யாரையாவது கட்டிவைத்திருப்பதைப் பார்த்தால் குடும்பத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் அது கொடுமை செய்யும் எண்ணமில்லை. ஓடிப்போய் லாரியில் விழுந்துவிடுவான் என்கிற பயமும், பல நாள் தூங்காத அசதியும்தான். மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆளும் வண்டியும் ஏற்பாடு செய்து கொடுங்கள். அதுதான் அந்தச் சங்கிலியைக் கழற்றுகிற வழி.

தர்காவில் துஆவும் (பிரார்த்தனை) மருந்தும் சேர்ந்தே கிடைக்க வேண்டும் என்று 'தவா துஆ' என்ற பெயரில் அரசு ஏற்பாடு வந்தது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. இந்த எண்ணை அட்டையில் எழுதிக் கஞ்சியோடு கொடுங்கள். பிரார்த்தனையை விட்டுவிடு என்றும் சொல்ல வேண்டாம், மருந்தை நிறுத்திவிடு என்று எப்போதும் சொல்லக் கூடாது. நம்பிக்கையோடு உதவப் போகிறவர்கள் செய்கிற பெரிய தவறு இரண்டாவது. "இங்கே வந்தாச்சு, இனி மாத்திரை எதற்கு" என்கிற ஒரு வார்த்தை ஒரு வருஷ சிகிச்சையைக் கெடுத்துவிடும்.

உங்கள் மோருக்கும் தண்ணீருக்கும் இங்கே நேரடித் தொடர்பு இருக்கிறது. லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறி நஞ்சாகிவிடும். கை அதிகமாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாடி நடப்பது, பேச்சு குழறுவது என்று தெரிந்தால் உடனே மருத்துவமனை. மற்ற மனநல மருந்துகளில் பல, உடம்பு சூட்டைத் தாங்கும் திறனைக் குறைப்பவை. அவர்களுக்கு நிழலும் தண்ணீரும் நம்மைவிட அதிகம் வேண்டும். லித்தியம் எடுப்பவர் நோன்பு வைக்க விரும்பினால் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும்.

போகும்போது நான்கு பேருக்கு மேல் ஒரே குடும்பத்தைச் சூழாதீர்கள். நோயாளிக்குப் பின்னாலிருந்து வராமல், எதிரில் தெரிகிற மாதிரி வந்து, இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்து பேசுங்கள். அவர் காதில் கேட்கும் குரலைப் பொய் என்று வாதிடவும் வேண்டாம், உண்மை என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா" போதும். உண்மையில் கூட இருக்கிற தாய்க்கும் மனைவிக்கும்தான் அதிகம் பேச வேண்டியிருக்கும். யாரும் அவர்களைக் கேட்பதில்லை. ஒருமணி நேரம் நீங்கள் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவர்கள் குளிக்கவாவது போய்வருவார்கள். கஞ்சியைவிட அந்த ஒருமணி நேரம் பெரிது.

ஆளில்லாமல் அலைகிறவரைப் பார்த்தால் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். பாதுகாப்பில் எடுத்த 24 மணி நேரத்துக்குள் அரசு சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் அடைக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது.

நாட்டுப்படகு எழுதியது:

வாரச் சேவை பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுக்காரர் பிழைத்துக்கொள்வார், விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில்தான் அடுப்பு சுருங்கும். ஆனால் அவர்கள் உங்கள் வரிசையில் வந்து நிற்க மாட்டார்கள். தட்டேந்துவது அவர்களுக்குச் சாவு. இவர்களுக்கும் செய்ய வழி இருக்கிறதா?

அடுப்படி:

இருக்கிறது அண்ணே. அந்தத் தெருவின் மளிகைக் கடையில் பற்று நோட்டு இருக்கும். மே மாதக் கடைசியில் கடைக்காரர் கை விரிக்கிற நேரம் வரும், ஏனென்றால் அவருக்கும் மொத்தக் கடையில் பாக்கி. அப்போது கடைக்காரரிடம் போய், எந்த வீட்டுக் கணக்கு என்று நீங்கள் பார்க்காமல், இவ்வளவு ரூபாயைப் பழைய பாக்கியில் கழித்துக்கொள்ளுங்கள், யாருக்கு முடியவில்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும் என்று கொடுத்துவிடுங்கள். கடை ஒன்றுக்கு ஒருவர் மட்டும் போங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், குழந்தைக்குப் பால் பவுடர் இவற்றின் பாக்கிக்கு மட்டும் என்று சொல்லிவிடுங்கள். கேட்கிற வீட்டுக்குக் கடைக்காரர் "பாக்கி குறைஞ்சிருக்கு, வாங்கிக்க" என்றால் போதும், கொடுத்தது யார் என்று சொல்லக் கூடாது. ஜூன் 15 காலையில் படகு போனதும் இந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, மீதி இருந்தால் அக்டோபர், நவம்பர் புயல் நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அரசு எச்சரிக்கையால் நாட்டுப்படகும் சேர்ந்து கரையில் கிடக்கும்.

உப்பங்கழி:

எங்கள் தெருவில் மூன்று கடை. மூன்று பேரை இன்றைக்கே பிரித்துவிட்டோம். ஆடிக்கு விறகு மட்டும் இன்னும் சொல்லவில்லை, எத்தனை கிலோ வாங்க வேண்டும் அண்ணே?

அடுப்படி:

இரண்டு ஈட்டுக்கும் தாளிப்புக்கும் சேர்த்து 100 கிலோ காய்ந்த கருவேலம், ஒரு கட்டு சவுக்கு மிலார். பத்து நாள் முன்பே வாங்கி, மழைச்சாரல் படாமல் தார்ப்பாய் போட்டுவையுங்கள். ஈர விறகு புகைந்தால் அடுப்படியில் நிற்கிறவர்கள் கண்ணெல்லாம் எரியும்.